திமிங்கலத்துக்கு இருபது நிமிடம்

வணக்கம் ஐயா,

டல்லாஸில் வசிக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மனைவி, எட்டு வயது மகளுடன் ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலையில் ஓக்லஹோமாவிலிருந்து அரிசோனா வரை போகத் திட்டம். ஆறு நாட்கள், பதினேழு இடங்கள். எக்செல் கோப்பை இணைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் இது சரிப்பட்டு வருமா? பாதி இடங்கள் மூடியிருக்கும் என்கிறார்கள். கான்கிரீட் திமிங்கலம், மண்ணில் நட்ட கார்கள், கூம்பு வடிவ விடுதி எல்லாமே போலி, ஆயிரம் வருடக் கோயில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி தேவையா, மகளுக்குச் சலிக்குமா? அமெரிக்காவின் சுதந்திர உணர்வே அந்தச் சாலைதான் என்பதால் ஆசையாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோப்பைத் திறந்து பார்த்தேன். கட்டூசா திமிங்கலம், 20 நிமிடம். மண்ணில் கார்களை நட்ட கடிலாக் ராஞ்ச், 15 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வேறு. தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். சங்கிலியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகளுக்குச் சலிக்காது. உங்களுக்குத்தான் சலிக்கும் என்று தோன்றுகிறது.

பதில் எழுத உட்கார்ந்தது ‘போலி’ என்ற ஒரு சொல்லுக்காக. சில மாதங்களாக என் மண்டையைக் குடையும் சொல் அது. உங்கள் நண்பர்களிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள். அந்த ஆயிரம் வருடக் கோயிலில் அவர்களுக்குப் பிடித்த ஒரே ஒரு சிற்பத்தை, எந்த மண்டபம், எந்தத் தூண் என்று சொல்லட்டும். பழமையைப் பார்த்தவர்கள் அல்ல இவர்கள், அதன் வயதைச் சொல்லியே வாழ்பவர்கள்.

திமிங்கலத்துக்கு வருகிறேன். ஓக்லஹோமாவில் டல்சா பக்கம் கட்டூசாவில் ஹ்யூ டேவிஸ் என்று ஒருவர் இருந்தார். டல்சா மிருகக்காட்சிசாலையை நடத்தியவர். அவர் மனைவி ஸெல்டா திமிங்கலப் பொம்மைகள் சேர்ப்பவர். கடலோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி. மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மணநாள் பரிசாக வீட்டுக் குளத்தில் எண்பது அடி நீளத் திமிங்கலம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். இரும்புக் குழாய்களை ஒட்டவைத்துக் கூடு, அதன்மேல் கையால் பூசிய கான்கிரீட். இரண்டு வருட வேலை, 1972-இல் முடிந்தது. குடும்பத்துக்கென்று கட்டியதில் ஊர்ப் பிள்ளைகள் வந்து குதிக்க ஆரம்பித்ததும் எல்லாருக்கும் திறந்துவிட்டார். வாலிலிருந்து பாயலாம், பக்கவாட்டில் சறுக்கலாம். 1988-இல் மூடினார்கள். பெயின்ட் உரிந்து கிடந்ததைப் பிறகு ஊர்க்காரர்கள்தான் மீட்டார்கள். இதில் எது போலி, சொல்லுங்கள்? உண்மையான திமிங்கலத்தை ஸெல்டாவுக்கு அவர் எப்படிக் கொடுத்திருக்க முடியும்?

போலி வேண்டுமென்றால் அரிசோனாவின் ஹோல்புரூக்கில் இருக்கிறது, உங்கள் கூம்பு விடுதி. 1950-இல் செஸ்டர் லூயிஸ் கட்டியது. ‘விக்வாம்’ என்று பெயர், அது குவிந்த கூரைக் குடிசை. ஆனால் உருவம் டீப்பி என்ற கூம்புக் கூடாரம். டீப்பி சமவெளிப் பழங்குடிகளுடையது. அந்த வட்டாரத்துப் பழங்குடிகளான நவஹோவும் ஹோப்பியும் அதில் வாழ்ந்தவர்களே அல்ல. ஒரு மக்களின் வீட்டை எடுத்து, தப்பான பெயர் சூட்டி, தப்பான ஊரில் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதை நான் போலி என்பேன். (அப்படியும் அங்கே ஒரு ராத்திரி தங்கினேன். சாய்ந்த சுவரில் தலை இடிக்கும். வெளியே பழைய கார்கள் பனி மூடி நிற்கும். சரக்கு ரயில் விடிய விடியப் போகும். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சுதந்திர உணர்வு என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய சுதந்திரம்? விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936 முதல் கறுப்பினப் பயணிகளுக்காக ‘பச்சைப் புத்தகம்’ ஒன்றை வருடாவருடம் அச்சிட்டார். எந்த ஊரில் படுக்கை கிடைக்கும், எங்கே சாப்பிடலாம் என்ற பட்டியல். ரூட் 66-இலும் பொழுது சாய்வதற்குள் அவர்கள் கிளம்பிவிட வேண்டிய ஊர்கள் இருந்தன. மகளுக்கு இதையும் சொல்லுங்கள், எட்டு வயது போதும்.

குளிர்காலம் பற்றித்தானே கேட்டீர்கள்? போங்கள். அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் ஏழாயிரம் அடி உயரம், பனி கொட்டும், வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருக்கும் கடைகள் இருக்கட்டும். 1978 செப்டம்பர் 22 அன்று, ரூட் 66 நடுவே ஓடிய அரிசோனா ஊரான செலிக்மனைச் சுற்றிக்கொண்டு புதிய நெடுஞ்சாலை திறந்தது. அதுவரை ஓயாமல் கார் போன தெரு அன்றே வெறிச்சோடிப்போனது என்று அந்த ஊர் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்காடியோ பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். 1985-இல் ரூட் 66 என்ற எண்ணையே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 1987-இல் ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கி, மாநில அரசை விரட்டிப் பழைய சாலைக்கு ‘வரலாற்றுச் சாலை’ என்ற தகுதியை வாங்கினார். கோடையில் போனால் அந்தத் தெரு முழுக்கப் பேருந்தும் தொப்பியும்தான். ஜனவரி மாலையில் அவர் பார்த்த தெரு கொஞ்சம் தெரியும்.

நாங்கள் போனதும் ஒரு ஜனவரியில். நண்பர் ஓட்டினார். திமிங்கலக் குளத்தின் ஓரம் மெல்லிசாக உறைந்திருந்தது. எங்களைத் தவிர யாரும் இல்லை. “இதைப் பாக்கவா இந்தக் குளிர்ல இழுத்துட்டு வந்தீங்க?” என்று என் மனைவி காரைவிட்டு இறங்கவில்லை. நான் ஸெல்டா கதையைச் சொன்னேன். பேசாமல் இறங்கிப் போனாள். வாய்க்குள் நுழைந்து, தலைக்குள் இருக்கும் ஏணியில் ஏறி, மேலே வட்ட ஓட்டை வழியாக முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம், அரைமணி நேரம். நண்பர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

“கல்யாண நாளுக்கு நீங்க எனக்கு என்ன குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?” என்று மேலிருந்து கேட்டாள்.

இருந்தது. என் இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதி. பிழை திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்தேன்.

அங்கிருந்து கிளம்பவே மத்தியானம் தாண்டிவிட்டது. கடிலாக் ராஞ்ச் இருக்கும் டெக்சாஸின் அமரில்லோ போய்ச் சேர்ந்தபோது கும்மிருட்டு, காது அறுந்துவிடும் போலக் காற்று. அதை டார்ச் வெளிச்சத்தில்தான் பார்த்தோம். பத்துக் கார்கள். நான் ஒன்பதுதான் எண்ணினேன்.

அன்புடன்