ஆட்டோ கியருக்கு ஆயில் மாற்றலாமா?

கேள்வி: என் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் டீசல் கார் 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர் ஆயில் ஒருமுறைகூட மாற்றவில்லை. 'ஆயுளுக்கும் அது போதும்' என்கிறார் ஒருவர். மெஷின் வைத்து மொத்தமாகக் கழுவி மாற்றலாம் என்கிறார் இன்னொருவர். வாரம் இருமுறை தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போய்வருகிறேன். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், தருமபுரி

பதில்: இரண்டையுமே கேட்க வேண்டாம். ஆயுள் என்று சொல்வது பெரும்பாலும் வாரண்டிக் காலத்தைத்தான். கையேட்டில் 'கடும் பயன்பாடு' என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். மலைச்சாலை, பாரம், வெயில் எல்லாம் அதில் வரும். உங்கள் ஓட்டம் அந்தக் கணக்குதான்.

முதலில் பழைய ஆயிலைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டால் பழுப்புச் சிவப்பாகப் பரவினால் பயமில்லை. கறுத்து, கருகிய வாடை அடித்து, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் மட்டும் உறுமி வண்டி நகரத் தயங்கினால் உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அந்த நிலையில் ஆயில் மாற்றினாலும் பலன் இல்லை. 'ஆயில் மாத்தினதும் கியர்பாக்ஸ் போச்சு' என்ற பேச்சு பிறந்தது இப்படித்தான்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பைத் திறந்தால் ஆயில் பாதிதான் வரும். மீதி, எஞ்சினின் சக்தியை ஆயில் வழியே கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைச் சின்னத் துளைகள் வழியே பிரித்து அனுப்பிக் கியரை மாற்றும் வால்வு பாடியிலும் நிற்கும். மொத்தம் 7 லிட்டர், வடிவது 3.5 என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மாற்றினால் பாதி புதுசு. இரண்டாம் முறை 75 சதவீதம். மூன்றாம் முறை 87. நடுவில் 300, 400 கி.மீ. ஓட்டினால் ஆயில் நன்றாகக் கலந்துவிடும். இத்தனை நாள் மாற்றாத பெட்டிக்கு அழுத்தம் கொடுத்துக் கழுவுவதைவிட இதுவே பாதுகாப்பு. வண்டலைக் கிளப்பி வால்வு பாடியின் சின்னத் துளைகளில் அடைத்துவிட்டால் பிறகு செலவு பத்து மடங்கு.

ஆயிலை வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால், வடித்த ஆயிலுக்குப் பதில் ஊற்ற வழியில்லாமல் வண்டி லிஃப்ட்டிலேயே நிற்கும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். கொதிக்கக் கொதிக்க வடித்தால் கை வெந்துவிடும். வடிந்ததை அளவு ஜாடியில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். சம்ப் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணம், கையில் நெருடும் உலோகச் சில்லு இருந்தால் பாகம் ஏதோ உடைகிறது. காந்தத்தைத் துடைத்து அதே இடத்தில் வையுங்கள். கழற்றும் வகை என்றால் ஃபில்டரையும், சம்ப் கேஸ்கட்டையும், வடிக்கும் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். அலுமினிய மரை சுலபமாகப் போய்விடும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் முறுக்காதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது அளவு பார்ப்பதில்தான். அளந்து ஊற்றுவது முதல் படி மட்டுமே. வண்டி நான்கு பக்கமும் சமமாக நிற்க, எஞ்சின் ஓட, பிரேக்கை அழுத்தியபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடிகள் வைத்து மீண்டும் பி-க்கு வாருங்கள். வெப்பநிலையைக் காட்டும் ஸ்கேனர் மாட்டி, கியர் ஆயில் கையேட்டில் சொன்ன வெப்பநிலைக்கு வரும்போது, ஆயில் மட்டம் பார்க்கும் அளவு போல்ட்டைத் திறங்கள்; பெரும்பாலான வண்டிகளுக்கு அது 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மெல்லிய கோடாக வழிந்து சொட்டாக மாறும்போது மூடுங்கள். தருமபுரி மே மாத மதியத்தில் நிழலிலேயே ஆயில் அந்த வெப்பத்தை நெருங்கிவிடும். எஞ்சினை ஓட விட்டதும் தாண்டியும்விடும். காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அதிகமானால் நுரைத்து அழுத்தம் குறையும், குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். இரண்டிலும் கியர் வழுக்கும்.

ஆயில் வகையைச் சிவப்பு நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையேட்டில் உள்ள எழுத்துக் குறியீடு டின்னிலும் இருக்க வேண்டும். இன்னோவா கிறிஸ்டாவின் ஆட்டோ கியருக்கு டொயோட்டா டபிள்யூ.எஸ்., பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பியும் கொண்ட ஹோண்டா சிட்டி சி.வி.டி.க்கு எச்.சி.எஃப்-2. ஒன்றில் போடுவதை மற்றதில் போட்டால் சி.வி.டி.யின் பெல்ட் வழுக்கிக் கப்பி கீறிவிடும்.

தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் 'எஞ்சின் பிரேக்' போய்விடும், பிரேக் சூடேறும். சின்ன கியரில் இறங்குங்கள்.

கேள்வி: என்னுடையது ஏ.எம்.டி. கார். இதே ஆயில்தானா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்சையும் கியரையும் ஆக்சுவேட்டர் என்ற கருவி நமக்குப் பதிலாக இயக்குகிறது. கியர்பாக்ஸுக்குக் கையேட்டில் உள்ள மேனுவல் கியர் ஆயில். ஆக்சுவேட்டர் ஹைட்ராலிக் வகை என்றால் அதற்குத் தனி திரவம் சின்ன டப்பாவில் இருக்கும். இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.