ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு பைட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு பிட்டை மட்டும் மாற்றுவது எப்படி?

கேள்வியின் சாரம்: ஒரு கருவியிலிருந்து பைட் பைட்டாகத் தரவு வருகிறது. ஒவ்வொரு பைட்டிலும் எட்டு ஆம்/இல்லை நிலைகள். ஜாவாஸ்கிரிப்ட்டில் பைட் என்ற வகையே இல்லையே, எண்ணை 0, 1 கொண்ட சரமாக்கி வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு, சரத்தின் பக்கமே போக வேண்டாம். பிட்டுகளை வலது ஓரத்திலிருந்து 0, 1, 2 என்று எண்ணுங்கள். மூன்றாம் எண் பிட்டைத் தொட வேண்டுமானால் 1 << 3 என்று எழுதினால் போதும். அந்த இடத்தில் மட்டும் 1 உள்ள எண், அதாவது 8 கிடைக்கும். இதைத்தான் மாஸ்க் என்கிறோம். மற்ற வேலையெல்லாம் நான்கு வரிதான் (நிலை என்பது அந்தப் பைட்டை வைத்திருக்கும் மாறி):

நிலை = நிலை | (1 << 3); // பிட்டை 1 ஆக்க
நிலை = நிலை & ~(1 << 3); // 0 ஆக்க
நிலை = நிலை ^ (1 << 3); // இருப்பதைப் புரட்ட
(நிலை & (1 << 3)) !== 0 // 1 தானா என்று பார்க்க

(மாறியின் பெயரைத் தமிழில் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் லெட் போட்டு அறிவித்துவிட்டு கன்சோலில் ஓட்டிப் பாருங்கள்.)

கடைசி வரியில் உள்ள அடைப்புக்குறிகள் அலங்காரத்துக்கு இல்லை. அவற்றை எடுத்துவிட்டால் & க்கு முன்பே !== கணக்கிடப்பட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும். தேடிக் கண்டுபிடிக்கவே முடியாத வகைத் தொல்லை இது.

சரி, இதுவரை சி மொழியில் எழுதுவதுபோலவேதான். ஜாவாஸ்கிரிப்ட்டின் குணம் இனிமேல்தான் தெரியும். இங்கே சாதாரண எண் ஒவ்வொன்றும் 64 பிட் மிதவைப்புள்ளி எண், அதாவது தசமப் பகுதியும் வைக்கக்கூடிய எண். ஆனால் பிட் ஆபரேட்டரிடம் கொடுத்ததுமே அது 32 பிட் முழு எண்ணாகச் சுருக்கப்படுகிறது, அதுவும் கூட்டல்/கழித்தல் குறியோடு. மேலே உள்ள பிட்டுகள் சத்தமில்லாமல் போய்விடும். அதனால்தான் 1 << 31 எழுதினால் -2147483648 வருகிறது. 1 << 32 எழுதினால் 0 வரும் என்று நினைப்போம், வருவதோ 1. நகர்த்தும் அளவில் கடைசி ஐந்து பிட்டுகளை மட்டுமே மொழி பார்க்கிறது, 32 இல் அந்த ஐந்தும் பூஜ்யம்.

தசமப் பகுதியை வெட்ட | 0 போடும் குறுக்குவழியைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். 3000000000 | 0 போட்டுப் பாருங்கள், -1294967296 வரும். அந்த வேலைக்கு மேத்.டிரங்க் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

குறிச்சிக்கலுக்கு மருந்து >>> என்ற மூன்று அம்பு. விடையைக் குறியில்லாத எண்ணாகத் தருவது இது ஒன்றுதான். -1 >>> 0 என்றால் 4294967295. நிறமதிப்பு போல நான்கு பைட்டுகளை ஒரே எண்ணில் அடைத்து வைத்திருக்கும்போது, மேல் பைட்டை எடுக்க நிறம் >>> 24 என்று எழுதுங்கள். இரண்டு அம்பு மட்டும் போட்டால் பாதி நேரம் எதிர்மறை எண் வந்து நிற்கும். நடுப் பைட்டுகளுக்கு (நிறம் >> 16) & 255 போன்றது போதும்.

உங்கள் விஷயத்துக்கு நான் சொல்வது இதுதான்: தரவைச் சாதாரண அரேயில் வைக்காதீர்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு பைட்டை மட்டுமே வைக்கும் யுஇன்ட்8அரேயில் வையுங்கள். பைட் என்ற வகை இல்லை என்றீர்களே, அந்தக் குறையைத் தீர்ப்பது இதுதான். ~8 இன் விடை -9 என்று பார்த்து முதலில் திகைப்போம். அதையே இந்த அரேயில் ஒரு இடத்தில் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் 247 இருக்கும். கீழ் எட்டு பிட்டை மட்டும் அது வைத்துக்கொள்கிறது, குறியைப் பற்றிய கவலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நிலைகள் எட்டுக்கு மேல் போனாலும் இதே அரே போதும்:

பெட்டி[இடம் >> 3] |= 1 << (இடம் & 7);

மூன்று பிட் வலப்பக்கம் நகர்த்துவது எட்டால் வகுப்பது, அது எந்தப் பைட் என்று சொல்லும். & 7 என்பது மீதி, அது பைட்டுக்குள் எந்தப் பிட் என்று சொல்லும். பத்து லட்சம் ஆம்/இல்லைகள் 1,25,000 பைட்டில் அடங்கிவிடும்.

கருவி இரண்டு, நான்கு பைட் எண்களையும் அனுப்பினால், பைட்டுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்துத் தரும் டேட்டாவியூ வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் அது பெரிய பைட் (எண்ணின் மேல் பகுதி) முதலில் வருவதாகவே படிக்கும். சிறிய பைட்டை முதலில் அனுப்பும் கருவி என்றால் கெட்யுஇன்ட்16 போன்றவற்றுக்கு இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுக்க வேண்டும். இதைக் கருவியின் கையேட்டில் பார்த்துவிட்டு எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம்.

32 பிட்டைத் தாண்டினால் ஜாவாஸ்கிரிப்ட்டின் 2020 பதிப்பில் வந்த பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகை இருக்கிறது. அதைச் சாதாரண எண்ணோடு கலந்து கணக்குப் போட்டால் டைப்எரர் வரும், >>> அதில் வேலை செய்யாது.

அப்புறம், உங்கள் நிரலுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகிற பூலியன்களை (ஆம்/இல்லை மதிப்புகளை) இப்படி அடைக்காதீர்கள். அதற்குச் சாதாரண ஆப்ஜெக்ட் போதும், ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.