கோப்பு கையெழுத்தாகும் முன்பு: ராமநாதபுரம் கடற்கரையும் அரசுச் சட்டத் துறையும் (கேள்வி பதில்)

அரசு சட்டப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். துறைகள் அனுப்பும் கோப்புகளுக்குச் சட்டக் கருத்து எழுதுவதும், வழக்கு வந்தால் எதிர் உறுதிமொழிப் பத்திரம் தயாரிப்பதும்தான் என் வேலையாக இருந்தது. நிலையான வளர்ச்சிக்கு அரசின் சட்டத் துறை எப்படித் திட்டமிடலாம் என்று நம் கரை ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரு இடத்தைப் பற்றிக் கேட்பவர்கள் சர்வே எண்ணையும், உத்தரவு கைக்கு வந்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

ராமநாதபுரம், சட்டக் கல்லூரி மாணவர்: நிலையான வளர்ச்சி சுற்றுச்சூழல் துறையின் வேலை. சட்டத் துறை அதில் திட்டமிட என்ன இருக்கிறது மேடம்?

நிறைய இருக்கிறது தம்பி. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் 48ஏ பிரிவைக் கொண்டுவந்தபோதே சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமையாகிவிட்டது. 1996இல் நம் மாநிலத்துத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 20ஆவது பிரிவு, இந்த இரண்டோடு நிலையான வளர்ச்சியையும் சேர்த்துப் பொருத்தித்தான் தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறது. தீர்ப்பாயம் எந்த அளவுகோலால் அளக்கும் என்று தெரிந்திருந்தும், அதே அளவுகோலை முதல் நாளே கோப்பில் வைத்துப் பார்க்காமல் இருப்பது சரியா?

இப்போது நடப்பது என்ன? ஒரு கரை ஊருக்குத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு, கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறை முடிவெடுக்கும், டெண்டர் விடும், கல் இறங்கிவிடும். தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்துவைத்தால் மறு பக்கம் கரை அரிக்கும். பக்கத்து ஊர்க்காரர் வழக்குப் போடுவார். அப்போதுதான் கோப்பு சட்டப் பிரிவுக்கு வரும். மேலே ‘அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும், வாய்தா நாளை மறுநாளாக இருக்கும். ஒரே கரைக்கு மீன்வளத் துறை ஒரு பதில் எழுதும், வனத் துறை வேறு பதில் எழுதும். வருவாய்த் துறை புறம்போக்கு என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் பங்குக்கு ஒரு குறிப்பு அனுப்பும். நான்கையும் படிக்கும் நீதிபதி ‘அரசின் நிலைப்பாடு எது?’ என்று கேட்டால் அரசு வழக்கறிஞரிடம் பதில் இருக்காது.

நான் சொல்லும் திட்டமிடல் இதைத் திருப்பிப் போடுவதுதான். டெண்டருக்கு முன்பே கோப்பு சட்டப் பிரிவைத் தொட்டுப் போக வேண்டும். இடம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் எந்த வகையில் வருகிறது, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்கு எவ்வளவு தூரம், பக்கத்து ஊர்க் கரைக்கு என்ன ஆகும், அந்த ஊரைக் கேட்டார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத கோப்பு திரும்பிப் போக வேண்டும். துறைகள் முரண்பட்டால் அந்த முரண்பாட்டைச் சட்டத் துறை மேஜையில் வைத்துத் தீர்க்க வேண்டும், கோர்ட்டில் வைத்து அல்ல. வழக்குப் பதிவேட்டையும் வருடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து படிக்க வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு நம் மாவட்டத்திலிருந்து ஒரே மாதிரி ரிட் மனு திரும்பத் திரும்பப் போகிறது என்றால், கோளாறு நடைமுறையில் இருக்கிறது என்று அர்த்தம்.

வேதாளை, நாட்டுப்படகு மீனவர்: என் வீடு தடை எல்லைக்குள் இருக்கு என்கிறார்கள். அப்பா காலத்து வீடு அக்கா. மேப்பைக் காட்டினார்கள், எனக்குப் புரியவில்லை.

தம்பி, மேப்பில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். 2019 சனவரி 18 தேதியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது அலை உச்சமாக ஏறும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஊரகப் பகுதியில், 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் கட்டுமானத் தடை 50 மீட்டர், குறைவாக இருந்தால் 200 மீட்டர். உங்களுக்குக் காட்டிய மேப் பெரும்பாலும் 1:25,000 அளவில் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். 50 மீட்டர் தடை என்பது மேப்பில் இரண்டே மில்லிமீட்டர். தடித்த பேனாவால் இழுத்த கோட்டுக்குள்ளேயே ஒரு வீடு மறைந்துவிடும். அதனால் சர்வே எண் தெரியும் கிராம வரைபடத்தில், 1:3,960 அளவில் அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய நான்கு மீட்டர்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இருக்கிற வீட்டை இடிக்கும் அறிவிக்கை அல்ல அது. அனுமதி பெற்ற பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க வழி உண்டு. உங்கள் ஊரில் மீன் காயப்போடும் இடம், வலை பின்னும் இடம், படகு ஏற்றும் கரை எல்லாம் மேப்பில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறிக்காத இடத்தை நாளைக்குக் காலிப் புறம்போக்கு என்று எழுதிவிட ஒரு வரி போதும். மாவட்ட அளவிலான கடற்கரை மண்டலக் குழுவில் பாரம்பரிய மீனவச் சமூகத்துக்கு இடம் உண்டு. உங்கள் பிரதிநிதி யார் என்று ஊர்க் கூட்டத்தில் கேளுங்கள்.

பாம்பன் பக்கம், பாசி எடுக்கும் பெண்: தீவுப் பக்கம் போனால் வனத் துறை பிடிக்கிறது. எங்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லையா?

இருக்கிறது தாயி, ஆனால் இன்னும் எழுத்தில் சரியாக ஏறவில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா என்றார்கள். பவளப் பாறையை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன என்பதும் உண்மை, அதனால் காவல் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, அங்கு ஏற்கெனவே உரிமை உள்ளவர்களை விசாரித்துத் தீர்வு காணும் நடைமுறை இருக்கிறது. அதை முழு மனதோடு செய்துமுடிப்பது சட்டத் துறை தள்ளிப்போடக் கூடாத வேலை. உங்களைப் போலப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காப்போருக்குத் தரும் சீகாலஜி விருதை 2015இல் வாங்கினார். பாசி எடுக்கும் நாட்களைப் பெண்கள் தாங்களே குறைத்துக்கொண்ட கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த மதிப்பு அது. கடலில் முங்கி எழுகிறவர்கள் வகுத்த அந்த விதியை மேலாண்மைத் திட்டத்தில் அப்படியே எழுதிச் சேர்த்தால் வனக்காவலருக்கும் வேலை குறையும். உங்களுக்கு உடனே வக்கீல் தேவை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

ராமேசுவரம், விசைப்படகு உரிமையாளர்: கச்சத்தீவை மீட்க மாநிலச் சட்டத் துறை என்ன திட்டம் வைத்திருக்கிறது?

அது 1974, 1976 ஒப்பந்தங்கள் சம்பந்தப்பட்டது. வெளியுறவு ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. இங்கே வேண்டாம் அண்ணே.

திருவாடானை, விவசாயி: எங்கள் ஊர்க் கண்மாயில் ஆக்கிரமிப்பு. யாரிடம் போவது?

முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். பொதுப்பணித் துறை, அதாவது இப்போதைய நீர்வளத் துறையின் கண்மாய் என்றால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். ஊராட்சிக் கண்மாய் என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். எந்தச் சட்டம் என்று குறிப்பிடாமல் மனுக் கொடுத்தால் இரண்டு அலுவலகமும் மாற்றி மாற்றி அனுப்பும். கிராமப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

முதுகுளத்தூர்: கண்மாய் ஆக்கிரமிப்புக்கு எந்தச் சட்டம்?

மேலே இருக்கிறது.

கடலாடி: எங்கள் கண்மாயிலும் ஆக்கிரமிப்பு மேடம், கொஞ்சம் சொல்லுங்கள்.

மேலே எழுதிவிட்டேன். சர்வே எண் இல்லை, கண்மாய் யாருடையது என்பதும் இல்லை. இரண்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தேவிபட்டினம், விவசாயி: இறால் பண்ணை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. 1996இல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டதே, பிறகு எப்படி ஓடுகிறது?

காந்தியவாதி ஜெகந்நாதன் அய்யா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு அது. கடற்கரை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை தவிர்த்த இறால் குட்டைகள் கூடாது, விவசாய நிலத்தையும் உப்பளத்தையும் பொது நிலத்தையும் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து, பதிவு செய்த பண்ணைகளுக்கு வழி திறந்தது. 2023 திருத்தம், பதிவு இல்லாமல் நடத்தினால் இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கியது.

(குறுக்கே) தொண்டி, பண்ணைக்காரர்: பதிவு செய்து, வங்கிக் கடன் வாங்கி, நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறோம். எங்களைக் குற்றவாளி மாதிரி எழுதாதீர்கள்.

அப்படி எழுதவில்லை. பதிவோடு நடத்துகிறவர் சட்டப்படிதான் நடத்துகிறார். உங்கள் கழிவு நீர் எங்கே போகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

(குறுக்கே) தேவிபட்டினம்: ஓடையில்தான் போகிறது! நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

(குறுக்கே) தொண்டி: அது வேறு பண்ணை. பதிவு இல்லாதவன் செய்வதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? நீதிமன்றம் சொன்னதைச் சட்டம் மாற்றிவிட்டது, அவ்வளவுதான்.

இருவரும் பொறுங்கள். தீர்ப்பின் அடிப்படையைச் சட்டம் இயற்றி மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வரைவு எழுதும் மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ‘இந்த விதியை யார், எதை வைத்துச் சோதிப்பார்கள்?’ என்று அவர் கேட்க வேண்டும். கழிவு நீருக்கு விதி இருந்து, ஓடைத் தண்ணீரை எடுத்துச் சோதிக்க மாவட்டத்தில் ஆளும் கருவியும் இல்லை என்றால், அந்த விதி பதிவு செய்த பண்ணைக்காரரையும் காப்பாற்றாது, கிணற்றுக்காரரையும் காப்பாற்றாது. உங்கள் இருவருக்கும் இந்தச் சண்டையை மூட்டியது அந்த ஓட்டைதான். பண்ணை வருவதற்கு முன்பு சுற்றுக் கிணறுகளின் உப்பளவை எழுதி வைத்திருந்தால் இன்று யார் சொல்வது சரி என்று ஒரே நாளில் தெரிந்திருக்கும். அனுமதிக்கு முன் அந்த அளவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் பல இடங்களில் எழுதியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.

தேவிபட்டினத்துக்காரருக்கு: படம் மட்டும் போதாது. தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்துத் தேதியோடு அறிக்கை வாங்குங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் 14ஆவது பிரிவில் மனுப் போட, பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அனுமதி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், அதற்கு மேல் 60 நாள். இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டு வாசலில் திரும்பி வந்த நல்ல வழக்குகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஆர்.எஸ். மங்கலம், இளைஞர்: எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தால் வேளாண் மண்டலச் சட்டம் தடுக்காதா?

2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகைக்கானது. ராமநாதபுரம் அதில் இல்லை. அதே ஆண்டு சனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை மத்திய அரசு திருத்திய பிறகு, எண்ணெய் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் தேவையில்லை என்றாகிவிட்டது. மாநிலச் சட்டத் துறை முன்கூட்டி யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நம் மாவட்டம் கண்மாய்ப் பாசனத்தை நம்பியது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் ராம்சார் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று 2022இல் அறிவிக்கப்பட்டவை. இத்தனை இருந்தும் எந்தச் சட்டப் பாதுகாப்பு வளையத்துக்குள் நிற்கிறோம் என்று ஒரு தாளில் எழுதினால் இடைவெளிகள் பளிச்சென்று தெரியும்.

கமுதி: சோலார் நல்லதா கெட்டதா?

2024இல் ரஞ்சித்சிங் வழக்கில், பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சோலார் தேவை. எந்த நிலத்தில், யாருடைய மேய்ச்சலை எடுத்துக்கொண்டு என்பதைத்தான் கேட்க வேண்டும். சர்வே எண்ணோடு எழுதினால் மேலே பேசலாம்.

மாவட்ட அலுவலகம் ஒன்றில் சட்டப் பிரிவு உதவியாளர்: மேடம், நீங்கள் சொல்வதற்கு ஆள் இல்லை, பணம் இல்லை. நாங்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது?

இருக்கிற வழக்குப் பதிவேட்டை எடுங்கள். கடல், கண்மாய், மணல், பண்ணை என்று வரும் வழக்குகளை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள்: ஊர், சர்வே எண், எந்தத் துறை, என்ன குறை, எந்த உத்தரவு, அதை நிறைவேற்றினார்களா இல்லையா. கடைசிக் கட்டம்தான் முக்கியம், நீதிமன்ற அவமதிப்பு மனு அங்கிருந்துதான் பிறக்கிறது. மாதக் கூட்டத்தில் மீன்வளம், வனம், வருவாய் மூவருக்கும் அந்த நோட்டை வாசித்துக் காட்டுங்கள். தமிழில் வாசியுங்கள். அப்புறம் கரையோரத்தில் எந்தப் புதுக் கோப்பு வந்தாலும், அதே சர்வே எண் நோட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி மேலே அனுப்புங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். முதல் கோப்பில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள், வாசகம் திருத்தித் தருகிறேன்.