மலாய்க் கரையில் ஆங்கிலேயர் முதலில் பிடித்தது பினாங்குத் தீவை. பிறகு வந்த சிங்கப்பூர் வணிகத்தில் அதை முந்தியது எப்படி?

முக்கியக் காரணம் இடம்தான். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றி, சுங்கவரி கிடையாது என்றதும் வியாபாரிகள் குவிந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுபோன, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் நினைவாக சூலியா தெரு இன்றும் இருக்கிறது. தீவைத் தந்த, எதிர்க்கரை மலாய் நாடான கெடாவின் சுல்தானுக்கோ, அவர் எதிர்பார்த்த படை உதவி கிடைக்கவேயில்லை. அது பச்சைத் துரோகம்.

சரி, பினாங்கு இருப்பது மலாக்கா நீரிணையின் வட வாயிலில். சீனா, ஜாவா கப்பல்களுக்குத் தென்முனைதான் வசதி. அங்கே 1819இல் சிங்கப்பூரும் வரியில்லாமல் திறந்ததும் சரக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. 1832இல் இந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களின் தலைநகரும் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் போனது.

அதற்காக பினாங்கு படுத்துவிடவில்லை. பக்கத்து மலாய் மாநிலமான பேராக்கின் வெள்ளீயம் அதைத் தாங்கியது. பலத்த அடி 1969இல்தான் விழுந்தது: வரியில்லாத் துறைமுக உரிமை பறிபோனது. அப்புறம் 1972இல் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் தடையற்ற வணிக வலயம் வந்தது. மின்னணுத் தொழிற்சாலைகளால் மீண்டார்கள்.