ராஜினாமா எழுதித் தராதீர்கள்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஏழு வருடமாக ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். நாளுக்கு 600 ரூபாய், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு. அமெரிக்க ஆர்டர் நின்றுவிட்டதாம். ‘சொந்தக் காரணத்துக்காக நின்றுகொள்கிறேன்னு எழுதிக் கொடும்மா, ஆர்டர் வந்தா கூப்பிடுறோம்’ என்கிறார் சூப்பர்வைசர். கொடுக்கலாமா? அரசாங்கம் ஏதாவது தருமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. அந்த ஒரு வரியில் உங்கள் பணத்தில் பெரும்பகுதி போய்விடும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். ஆர்டர் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. மத்திய அரசு பஞ்சு இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை அந்த ஆண்டுக் கடைசி வரை நிறுத்திவைத்தது. அதனால் நூல் செலவு குறைந்திருக்கலாம்; வேலை போன டெய்லர் கைக்கு எதுவும் வராது. உங்களுக்கு வர வேண்டியது வேறு வழியில் இருக்கிறது.

வேலை இல்லை என்று கம்பெனி நிறுத்தினால் அது ஆட்குறைப்பு. குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு, 240 நாளாவது வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம்: 600 × 15 × 7 = 63,000 ரூபாய். ராஜினாமா எழுதினால் இந்த இரண்டும் கிடையாது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனிக் கணக்கு. ஐந்து வருடம் தாண்டியதால் எப்படி நின்றாலும் உண்டு.

அடுத்தது, வேலை போனவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் தரும் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ திட்டம். சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு. உங்களுக்கு 27,000 ரூபாய் வரை வரலாம். ஆயுளுக்கு ஒருமுறைதான். இரண்டு வருடமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். பலருக்கும் சிக்கல் இங்கேதான்: மாதம் 26 நாள் தைத்திருப்பார்கள், கம்பெனி கணக்கில் 12 நாள்தான் காட்டியிருக்கும். ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் கணக்கை இன்றே பாருங்கள். குறைந்திருந்தால் சம்பளச் சீட்டோடு கிளை அலுவலகம் போங்கள். வேலை போய் 30 நாள் கழித்து, ஆதார், பாஸ்புக் நகலோடு நேராக நீங்களே விண்ணப்பிக்கலாம். திட்டத்தை அவ்வப்போதுதான் நீட்டிக்கிறார்கள். இப்போது நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பி.எஃப்.பில் பென்ஷன் பகுதியை மட்டும் எடுக்காதீர்கள். ஏழு வருடம் ஆகிவிட்டது. அடுத்த கம்பெனியில் சேர்த்துப் பத்தானால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு.

மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகையை இப்போதைக்கு நம்ப முடியாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்குத்தான் அது. பத்தாவது பாஸ் செய்தவருக்கு மாதம் 300 ரூபாய்.

நாளைக்கே வேலைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால், ‘வேலைக்கு வந்தேன், வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்’ என்று தேதியோடு எழுதிக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலைத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுவோடு கொடுங்கள். ‘ஆர்டர் வந்தா கூப்பிடுறோம்’ என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது: ஆட்குறைப்பில் போனவர்களுக்கு, ஒரு வருடத்துக்குள் அதே கம்பெனி ஆள் எடுத்தால் முன்னுரிமை உண்டு. ராஜினாமா எழுதியவர்களுக்கு அந்த உரிமை இல்லை.