பெயர் காட்டும் ஊர்

வணக்கம் ஐயா,

பனாமா தொப்பி பனாமாவுடையது அல்ல, ஈக்வடாரில் நெய்யப்படுவது என்று அண்மையில்தான் அறிந்தேன். அன்றாடம் புழங்கும் இத்தகைய பெயர்களில் இன்னும் எத்தனை பொய்களோ! தவறென்று தெரிந்த பிறகாவது திருத்திக்கொள்ள வேண்டாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பொருளுக்கு ஊர்ப்பெயர் சூட்டியவர்கள் பெரும்பாலும் அதைச் செய்தவர்கள் அல்ல, வாங்கியவர்கள். எந்த வழியாகக் கைக்கு வந்ததோ அந்த இடமே அவர்களுக்குப் பெயரானது. ஈக்வடார் தொப்பிகள் பனாமா வழியாக வெளிச்சந்தைக்குப் போயின. ‘மோக்கா’ என்ற காப்பிப் பெயரும் அப்படித்தான். மோக்கா ஏமனின் துறைமுகம். காப்பி விளைந்தது உள்ளே, மலைகளில். இந்தப் பெயர்களை அழித்தால் பழைய வணிகப் பாதைகளின் தடயமும் போய்விடும்.

ஆனால் நெய்தவர்கள் மறைந்துபோவது எனக்கும் வருத்தம்தான். ஸ்பானிய மொழியில் அதே தொப்பிக்கு ‘ஹிபிஹாபா’ என்றும் பெயர் உண்டு. அது ஈக்வடாரில் உள்ள ஓர் ஊர். அந்த நெசவுக் கலையை 2012-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெயரை மாற்றாமலேயே இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வான்கோழியின் கதை இன்னும் விசித்திரமானது. மெக்சிகோவில் மனிதர்கள் பழக்கி வளர்த்த பறவை அது. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் ‘டர்க்கி’ என்றார்கள். துருக்கியர்களோ ‘ஹிந்தி’ என்கிறார்கள், அதாவது இந்தியாவைச் சேர்ந்தது. பிரெஞ்சுப் பெயரும் இந்தியாவைத்தான் சுட்டுகிறது. போர்ச்சுகீசியருக்கு அது ‘பெரு’, தென் அமெரிக்க நாடு ஒன்றின் பெயர். கொலம்பஸுக்குப் பின் புதிய நிலங்களையும் ‘இந்தியா’ என்றே ஐரோப்பியர் அழைத்துவந்ததால் வந்த குழப்பம் இதில் பாதி. இத்தனை பேர் பெயர் வைத்தும் மெக்சிகோவை ஒருவரும் சொல்லவில்லை!

தமிழில் இந்த வேலையைச் செய்தது ‘சீமை’. சிவகங்கைச் சீமை என்றபோது அது நம் நிலப்பகுதி. பிறகு வெள்ளையர் நாடு சீமையானது. அதன்பின் கடல் கடந்து வந்த எதுவும் சீமைச் சரக்கு. மண்ணெண்ணெய் சீமையெண்ணெய் ஆயிற்று. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம், அதற்கும் அதே முன்னொட்டு. எந்த நாடு என்று தெரியாத இடத்தில் ஏதோ ஒரு நாட்டின் பெயரை ஒட்டிவைக்காமல், ‘அயலிலிருந்து வந்தது’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். ‘டர்க்கி’யையும் ‘பெரு’வையும்விட இது நேர்மையான பெயரிடல் என்றே நினைக்கிறேன்.

அன்புடன்