பஸ் ஸ்டாப்புக்குப் பாலிமர், தெருவுக்கு வாய்க்கால்

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ரோடு போட்ட இரண்டாம் கோடையிலேயே டயர் தடத்தில் குழி விழுந்து, ஓரத்தில் தார் வரப்பு மாதிரி புடைத்து நிற்கிறது. பாலிமர் தார் என்றால் இப்படி ஆகாதாமே? எல்லாத் தெருவுக்கும் அதையே போட்டால் என்ன?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: பஸ் ஸ்டாப்புக்குச் சரி. எல்லாத் தெருவுக்கும் என்று எஸ்டிமேட் வந்திருந்தால், சர்வீஸில் இருந்த காலத்திலும் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

வழக்கமாக ரோட்டுக்குப் போடும் விஜி-30 என்ற ரகத் தார் 47 டிகிரி வரை இளகாமல் இருந்தாலே தரப் பரிசோதனையில் தேறிவிடும். சித்திரை வெயிலில் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுகிறது. ஓடுகிற பஸ் நொடியில் கடந்துவிடும். நிற்கிற பஸ்ஸோ அதே இடத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். போதாததற்கு பிரேக் வேறு. தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவை ஓரம் ஒதுங்காமல் என்ன செய்யும்?

பாலிமர் தாரில் பெரும்பாலும் எஸ்.பி.எஸ். என்ற ஒருவகைச் செயற்கை ரப்பரை, தாரின் எடையில் 3 முதல் 5 சதவீதம் வரை கலக்கிறார்கள். அதனால் இளகும் வெப்பநிலை ஏறுகிறது. சக்கரம் நகர்ந்ததும் அமுங்கியது பெருமளவு மீள்கிறது. லேபில் இழுத்து நடுவில் வெட்டிவிட்டால் பாலிமர் தார் சுருங்கிக்கொள்ளும்; சாதா தார் இழுத்தபடியே கிடக்கும்.

ஆனால் இது செல்லப்பிள்ளை. கூடுதல் சூட்டில் கலக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் ரோலர் ஓட்ட வேண்டும். தூரத்து பிளாண்டிலிருந்து தார்ப்பாய் மூடாத லாரியில் வந்தால் கலவை விறைத்துவிடும், சரியாக இறுகாது. கொடுத்த கூடுதல் காசு வீண். கேள்வி கேட்பதென்றால் கலவை வந்திறங்கும்போது தெர்மாமீட்டர் எங்கே என்று கேளுங்கள்.

தெரு ரோடு கெடுவது பெரும்பாலும் தண்ணீரால். மழைநீர் வடியாமல் தேங்கும் இடத்திலும், குழாய்க்கு வெட்டி அரைகுறையாக மூடிய இடத்திலும் அடித்தளமே இளகிப்போகிறது. மேலே எந்தத் தாரைப் போட்டும் பிரயோஜனமில்லை. அந்தப் பணத்தில் வாய்க்கால் கட்டலாம்.

உங்கள் பஸ் ஸ்டாப்பில் புடைத்ததைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுசு போட விடாதீர்கள். என்னைக் கேட்டால், பஸ் நிற்கும் நீளத்துக்கு மட்டும் கான்கிரீட்டே போடச் சொல்வேன்.

கேள்வி: பிளாஸ்டிக் ரோடும் இதுவும் ஒன்றா?
- வாசகி, தேனி

பதில்: இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறையில், பிளாஸ்டிக் துணுக்குகளைச் சூடான ஜல்லிமேல் தூவுவார்கள். அது உருகி ஜல்லியில் படிந்த பிறகுதான் தார் சேரும். பாலிமர் தாரில் கலப்பது தாருக்குள்ளேயே நடக்கிறது.